பிடித்த பை (pie) எது, அதன் அடி ஏன் நசநசத்துப் போகிறது?

கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: "இனிப்பிலும் காரத்திலும் உங்களுக்குப் பிடித்த பை எது? ஒரு பை நன்றாக இருக்கிறது என்று எதை வைத்துச் சொல்வீர்கள்? கோவையில் ஒரு கஃபேயில் ஆப்பிள் பை சாப்பிட்டேன், அருமையாக இருந்தது. வீட்டில் ஓடிஜி என்ற சிறிய மின்சார அடுப்பில் செய்தால் மேலே பொன்னிறமாக வருகிறது, அடி மட்டும் வேகாத மாவாக நசநசத்துப் போகிறது. அத்தைக்கு முட்டை ஆகாது, அதையும் பார்த்துச் சொல்லுங்கள்." மாவு ஓட்டுக்குள் பூரணம் வைத்துச் சுடுகிற பலகாரம்தான் பை. பிடித்தது எது என்று ஆரம்பித்தாலும் அவருடைய உண்மையான கேள்வி அந்த அடியைப் பற்றியதுதான் என்று எடுத்துக்கொள்கிறேன். என்னைக் கேட்டால் இரண்டும் ஒரே கேள்விதான். பையைக் கையில் வாங்கியதும் நான் முதலில் திருப்பிப் பார்ப்பது அடியைத்தான். அடி வெந்து, சிவந்து, பல்லில் பட்டதும் உடைந்தால் உள்ளே எது இருந்தாலும் ருசிக்கும். ஊட்டியில் ஒரு விடுதியின் பேஸ்ட்ரி அறையில் தொழில் கற்று, பிறகு பல்லடம் பக்கம் பேக்கரி வைத்தவன் நான். அந்தப் பழக்கத்திலிருந்து சொல்கிறேன்.

பை என்றதும் அது வெளிநாட்டுச் சமாச்சாரம் என்று தயங்க வேண்டாம். ஐயங்கார் பேக்கரிகளில் வட்டமாகச் சுட்டு முக்கோணமாக வெட்டித் தருகிறார்களே தில்பசந்த், மேலே ஒரு மாவுத் தகடு, கீழே ஒரு மாவுத் தகடு, நடுவில் தேங்காயும் டூட்டி ஃப்ரூட்டியும். அமைப்பைப் பார்த்தால் அது முழுக்க முழுக்க ஒரு பைதான். தீபாவளிக்குச் செய்யும் சோமாசியும் அதே குடும்பம், என்ன, அது எண்ணெயில் வேகிறது. சோமாசி பத்து நாள் ஆனாலும் மொறுமொறுப்பாக இருப்பதற்குக் காரணம் அதன் பூரணத்தில் ஈரமே இல்லாததுதான். பொட்டுக்கடலை மாவு, சர்க்கரை, வறுத்த தேங்காய், ஏலக்காய் எல்லாமே உலர்ந்த சரக்கு. பையில் அந்த வசதி கிடையாது. உள்ளே பழமோ குழம்போ கசகசவென்று இருக்க வேண்டும், வெளியே ஓடு காய்ந்து மொறுமொறுவென்று இருக்க வேண்டும். ஈரத்தையும் காய்வையும் ஒரே தட்டில் ஒட்டவைத்து, ஒன்று மற்றதைக் கெடுக்காமல் பார்த்துக்கொள்வதுதான் இதன் வித்தை முழுவதும்.

பப்ஸோடும் இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். பப்ஸ் மாவில் கொழுப்பைத் தகடாக வைத்து, மடித்து, தேய்த்து, மறுபடி மடித்து அடுக்கு உண்டாக்குகிறோம். பை மாவில் கொழுப்பை மைதாவோடு விரலால் உதிர்த்துவிட்டு, தண்ணீர் தெளித்துச் சேர்த்துப் பிடிப்பதோடு சரி. பப்ஸ் பொங்கி எழும்ப வேண்டும், பை பொங்காமல் உதிர வேண்டும். கடையில் பப்ஸ் ஷீட் வாங்கி அடியில் போட்டுப் பை செய்கிறவர்கள் உண்டு. மேல் மூடிக்கு அது அழகாக வரும். பூரணத்தின் கனத்துக்கு அடியில் அது எழும்ப முடியாமல் அமுங்கி, கடைசியில் நீங்கள் சொல்கிற அதே நசநசப்பில் கொண்டுபோய் விடும்.

அடி கெடுவதற்குப் பெரும்பாலும் காரணம் இவைதான். மாவிலுள்ள கொழுப்பு அடுப்புக்குப் போகும் முன்பே உருகிவிடுகிறது, பூரணத்தில் தண்ணீர் மிஞ்சி நிற்கிறது, அடியிலிருந்து வரும் சூடு போதவில்லை. நம் ஊரில் முதலாவதுதான் பெரிய எதிரி. வெண்ணெயில் எண்பது சதவீதத்தை ஒட்டிக் கொழுப்பு, மீதியில் பெரும்பகுதி தண்ணீர். குளிர்ந்த வெண்ணெய்த் துணுக்குகள் மாவுக்குள் அப்படியே கெட்டியாக இருந்து, சூடான அடுப்புக்குள் போனதும் உருகி, அதிலுள்ள தண்ணீர் ஆவியாகி, இருந்த இடத்தைக் காலியாக்கிவிட்டுப் போனால்தான் ஓடு இதழ் இதழாக உதிரும். வெண்ணெய் 20 டிகிரியைத் தாண்டினாலே இளக ஆரம்பித்து, 32 முதல் 35 டிகிரிக்குள் உருகிவிடும். சித்திரையில் ஈரோட்டிலும் கரூரிலும் சமையலறைச் சூடு எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். மாவு பிசையும்போதே வெண்ணெய் எண்ணெயாகி மைதாவுக்குள் இறங்கிவிட்டால் அப்புறம் எவ்வளவு நேரம் சுட்டாலும் இதழ் வராது. புத்தகத்தில் "அறை வெப்பநிலையில் வைக்கவும்" என்று படித்தால் அது லண்டன் அறை என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

அதனால் பை மாவை விடியற்காலையில் பிடிப்பதுதான் நல்லது. மைதாவைக்கூட முந்தின இரவே டப்பாவோடு ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். வெண்ணெயைச் சிறு கட்டிகளாக வெட்டி ஃப்ரீசரில் கால் மணி நேரம் வையுங்கள். தேய்க்கப் போகும் மேடைக் கல்லின் மேல் ஒரு தட்டு நிறைய ஐஸ் கட்டி வைத்துப் பத்து நிமிடம் விட்டு, துடைத்துவிட்டுத் தேய்த்தால் மாவு பிடிவாதம் பண்ணாமல் விரியும். ஊத்துக்குளி வெண்ணெய் கிடைத்தால் அதன் மணத்துக்கு ஈடில்லை. கடைந்து எடுத்த வெண்ணெயில் மோர் தங்கியிருக்கும் என்பதால் அதைக் குளிர்ந்த தண்ணீரில் இரண்டு மூன்று தடவை பிசைந்து, நன்றாகப் பிழிந்து, கட்டியாக உறையவைத்துப் பயன்படுத்துங்கள். அதற்கேற்ப மாவில் ஊற்றும் தண்ணீரையும் குறைத்துக்கொள்ள வேண்டும். நெய்யில் தண்ணீர் இல்லை, ஆவியும் வராது, ஆகவே இதழ் கிடைக்காது. ஓடு மணல் மணலாக, நெய் பிஸ்கட் பதத்தில் உதிரும். தட்டில் கையால் அழுத்திப் பரப்பும் திறந்த பைக்கு அது மிக நன்றாக இருக்கும், மூடி போட்ட பைக்கு விண்டு போகும். பேக்கரி மார்ஜரின் நம் வெயிலைத் தாங்கும், வேலையும் சுலபம். ஆனால் உடம்புச் சூட்டைவிட அதிக வெப்பத்தில் உருகும் வகைகள் வாயில் கரையாமல் மேலண்ணத்தில் மெழுகாக ஒட்டிக்கொள்ளும். ஆலையில் உண்டாகும் டிரான்ஸ் கொழுப்பு கொழுப்பில் 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி 2022 ஜனவரியிலிருந்து இந்தியா முழுவதும் அமலில் இருப்பதால் பழைய பயம் அவ்வளவு தேவையில்லை. இருந்தாலும் ருசிக்காக நான் வெண்ணெயைத்தான் சொல்வேன்.

அளவு இப்படி: 20 சென்டிமீட்டர் தட்டுக்கு, மூடியும் சேர்த்து, 300 கிராம் மைதா, 170 கிராம் வெண்ணெய், முக்கால் டீஸ்பூன் உப்பு, ஐஸ் தண்ணீர் 70 மில்லியிலிருந்து 80 மில்லிக்குள். நம் வீட்டுக் கைகள் சப்பாத்திக்கும் பரோட்டாவுக்கும் பழகியவை. மாவைக் கண்டால் அழுத்திப் பிசையத்தான் தோன்றும். இங்கே அது கூடாது. பிசையப் பிசைய மைதாவில் இழுவை கூடும், ஓடு சுருங்கும், வெந்த பின் தோலாக இழுக்கும். உருண்டையாகச் சேர்ந்து நின்றாலே போதும், வெளியே கொஞ்சம் உதிரியாகத் தெரிந்தால்கூடப் பரவாயில்லை. துணி போர்த்தியோ உறையில் சுற்றியோ ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்தால் ஈரம் தானாகப் பரவிக்கொள்ளும். தண்ணீரோடு ஒரு ஸ்பூன் வினிகர் விட்டால் மாவு மிருதுவாகும் என்று பலர் அடித்துச் சொல்கிறார்கள். அந்த ஒரு ஸ்பூனால் பெரிய வித்தியாசம் எதையும் நான் கண்டதில்லை. விடுவதால் கெடுதல் இல்லை, விடாமல் போனாலும் நஷ்டமில்லை.

இதில் தொழில் கற்ற இடத்தில் சொல்லித்தந்த ஒரு விஷயம் உங்கள் அடிக்கு நேராக உதவும். ஒரே மாவை இரண்டு விதமாகப் பிடியுங்கள். அடிக்கான மாவில் வெண்ணெயை ரவை பதத்துக்கு நன்றாக உதிர்த்துவிடுங்கள். மைதாத் துகள் ஒவ்வொன்றின் மேலும் கொழுப்பு படிந்துவிட்டால் பூரணத்தின் ஈரம் சீக்கிரம் உள்ளே ஏறாது. மேல் மூடிக்கான மாவில் வெண்ணெய் பட்டாணி அளவுத் துணுக்குகளாகக் கண்ணுக்குத் தெரியட்டும். அதில்தான் இதழ் வரும். அடி இறுக்கமாகவும் மேலே உதிரியாகவும் இருக்கும் பையைக் கடிக்கும்போது வாயில் இரண்டு விதமான முறிவு கிடைக்கும். கோவை கஃபேயில் உங்களுக்குப் பிடித்துப்போனது அதுவாகக்கூட இருக்கலாம்.

அடுத்தது அடுப்பு. ஓடிஜியில் பெரும்பாலானவர்கள் தட்டை நடு அடுக்கில் வைக்கிறார்கள். பைக்கு அடி அடுக்கு, மேல் கீழ் இரண்டு கம்பியும் எரிய வேண்டும். வீட்டில் கைப்பிடி இல்லாத இரும்பு தோசைக்கல் இருந்து அது அடுப்புக்குள் நுழையுமானால், அதை உள்ளே வைத்து 220 டிகிரியில் அரை மணி நேரம் காயவிட்டு, அதன் மேல் பைத் தட்டை இறக்குங்கள். கல்லில் சேர்ந்திருக்கும் சூடு முதல் பத்து நிமிடத்தில் அடியைப் பிடித்துவிடும். இருபது நிமிடம் கழித்து 180 டிகிரிக்கு இறக்கி, இன்னும் அரை மணி நேரம் அல்லது நாற்பது நிமிடம் விடலாம். மேலே சிவந்துவிட்டதே என்று அவசரப்பட்டு எடுக்கக் கூடாது, மேலே ஒரு அலுமினியத் தாளைப் போர்த்திவிட்டு அடி வேக நேரம் கொடுங்கள். பளபளக்கும் அலுமினியத் தட்டு சூட்டைத் திருப்பி அனுப்பும், கறுப்பு உலோகத் தட்டு உறிஞ்சிக்கொள்ளும். கண்ணாடித் தட்டு சூடேற நேரமாகும், ஆனால் அடியின் நிறத்தைத் தூக்கிப் பார்த்தே சொல்லிவிடலாம் என்பதால் புதிதாகப் பழகுகிறவர்களுக்கு அதைத்தான் சிபாரிசு செய்வேன். அதைச் சூடான கல்லின் மேல் மட்டும் வைக்க வேண்டாம், விரிசல் விட்டு உடைந்துவிடலாம். அடியில் முட்டை வெள்ளை தடவினால் ஈரம் இறங்காது என்பார்கள். கொஞ்சம் உதவும், சூடு போதாததை அது சரிக்கட்டாது. உங்கள் வீட்டில் முட்டை வேண்டாம் என்பதால் ஒரு மேஜைக்கரண்டி வறுத்த ரவையை அடியில் தூவுங்கள், கசியும் சாற்றை அது குடித்துக்கொள்ளும். மேலே நிறத்துக்குப் பாலும் பாலாடையும் கலந்து தடவினால் போதும்.

சரி, பிடித்த இனிப்பு. ஆப்பிள் பை உலகப் புகழ்பெற்றதற்குக் காரணம் ஆப்பிளின் இனிப்பைவிட அதன் புளிப்புதான். வெண்ணெயும் சர்க்கரையும் சேர்ந்த ஓட்டை எதிர்த்து நிற்கப் புளிப்பு வேண்டும். அங்கே இதற்கென்றே புளித்த ஆப்பிள் ரகங்களை வைத்திருக்கிறார்கள். நம் கடைகளுக்கு வரும் சிவப்பு ஆப்பிள் வெறுமனே கடித்துத் தின்னும் ரகம், புளிப்புக் குறைவு, வெந்தால் மணமும் போய்விடும். பச்சை ஆப்பிள் போட்டு எலுமிச்சை பிழிந்தால் தேறும். ஆனால் நம் ஊரிலேயே அதைவிட நல்ல சரக்கு இருக்கிறது. கிளிமூக்கு மாங்காய், செங்காயாக இருக்கும் பதத்தில். வெளியே பச்சை, உள்ளே லேசான மஞ்சள், கடித்தால் கடுக்கென்று இருக்கும், புளிப்பும் இனிப்பும் சரிபாதி. வெந்தாலும் துண்டு துண்டாக நிற்கும், குழைந்து ஓடாது. எனக்குப் பிடித்த இனிப்பு பை அதுதான், சித்திரை வைகாசியில் மட்டும்.

தோல் சீவி, அரை அங்குலப் பத்தைகளாக நறுக்கிய மாங்காய் 700 கிராம், நாட்டுச் சர்க்கரை 180 கிராம், ஒரு சிட்டிகை உப்பு. கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரை உங்களுக்குப் பக்கத்திலேயே கிடைக்கிறது, பழனி பஞ்சாமிர்தத்துக்குப் போவதும் அந்தச் சந்தைச் சர்க்கரைதான். மாங்காயில் அதைப் பிசிறி முக்கால் மணி நேரம் வைத்தால் அடியில் ஒரு டம்ளருக்குக் குறையாமல் சாறு இறங்கி நிற்கும். இந்தச் சாறுதான் உங்கள் பையின் அடியை இதுவரை கெடுத்துக்கொண்டிருந்தது. அதை வடித்து, தனியாக அடுப்பில் வைத்துப் பாதியாகச் சுண்டவிடுங்கள். கரண்டியிலிருந்து சொட்டாமல் இழுபடும் பதம் வந்ததும் இறக்கி, ஆறவிட்டு, இரண்டு மேஜைக்கரண்டி சோள மாவு, ஒரு ஸ்பூன் வெண்ணெய், அரை ஸ்பூன் சுக்குப் பொடி சேர்த்து மாங்காயோடு கலந்துவிடுங்கள். பட்டை போட வேண்டாம், அது ஆப்பிளுக்குப் பழகிய ஜோடி. மாங்காய்க்குச் சுக்குதான் பொருந்தும். பூரணம் கையில் தொட்டால் குளிர்ச்சியாக இருக்கும்போதுதான் மாவில் நிரப்ப வேண்டும். மூடியில் நாலைந்து கீறல் போடுங்கள். நடுக் கீறலில் சாறு கெட்டியாகக் குமிழியிட்டால்தான் வெந்தது என்று அர்த்தம், ஓரத்தில் குமிழி வந்ததும் எடுத்துவிடக் கூடாது. 90 டிகிரியை ஒட்டிய சூடு நடுவரை போனால்தான் சோள மாவு முழுதாகக் கெட்டிப்படும். எடுத்த பின் மூன்று மணி நேரமாவது கத்தி வைக்காமல் ஆறவிடுங்கள். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் இதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமான வேலை.

மாங்காய் இல்லாத மாதங்களில் அரசாணிக்காய். அமெரிக்காவில் டப்பாவில் அடைத்து விற்கும் பூசணிக் கூழ் பெரும்பாலும் நம் அரசாணிக்காயின் இனத்தைச் சேர்ந்ததுதான், ஆகவே அந்தப் பை இங்கே அந்நியமில்லை. ஆவியில் வேகவைத்து, துணியில் கட்டி ஒரு மணி நேரம் தண்ணீர் வடியவிட்டு எடுங்கள். அந்த வகையில் கெட்டிப்படுவதற்கு முட்டைதான் ஆதாரம், முட்டையில்லாமல் சோள மாவும் சுண்டிய பாலும் வைத்துச் செய்தால் அல்வா பக்கம் போய்விடும். உங்கள் வீட்டுக்கு அதைவிட நல்லது வாழைப்பழப் பை. 1970களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் ஒரு கிராமத்து உணவகத்தில் பிறந்த பானஃபி என்ற பை இருக்கிறது. வெந்த ஓட்டில் கண்டென்ஸ்டு மில்க்கைக் காய்ச்சிய டாஃபி, அதன் மேல் வாழைப்பழம், அதன் மேல் கிரீம். முட்டை வேண்டியதில்லை. டாஃபிக்காக டப்பாவை அப்படியே தண்ணீரில் மணிக்கணக்காகக் கொதிக்கவைப்பார்கள். தண்ணீர் வற்றினால் டப்பா வெடிக்கும் என்பதால் அந்த வேலை வேண்டாம். ஒன்றரை லிட்டர் பாலில் 150 கிராம் நாட்டுச் சர்க்கரையைக் கடைசியில் சேர்த்துத் திரட்டுப்பாலாகச் சுண்டக் காய்ச்சுங்கள், டாஃபியைவிட இது மேல். பழத்தில் பூவன் எடுங்கள். இனிப்போடு ஒரு சின்னப் புளிப்பு அதில் இருக்கிறது. நேந்திரன் மாவாக நிற்கும். இதில் ஓட்டைத் தனியாக முழுதும் வேகவைக்க வேண்டும். முள்கரண்டியால் குத்தி, மேலே தாள் விரித்து, கொண்டைக்கடலை நிரப்பி 190 டிகிரியில் இருபது நிமிடம், கடலையை எடுத்துவிட்டு மறுபடி பத்து நிமிடம். ஆறியதும் உருக்கிய சாக்லேட்டை உள்ளே மெல்லிசாகப் பூசிவிட்டால் திரட்டுப்பாலின் ஈரம் ஓட்டைத் தொடாது.

காரத்துக்கு வருகிறேன். இதில் எனக்கு இரண்டாவது யோசனையே கிடையாது, பள்ளிபாளையம் சிக்கன் வைத்த பை. பைக்குள் வைப்பதற்கென்றே பிறந்த பதார்த்தம் அது. மசாலாப் பொடி கிடையாது, தக்காளி கிடையாது, தயிர் கிடையாது, ஆகவே குழம்பாகத் தண்ணீர் விடாது. சின்ன வெங்காயம், விதை தட்டிய காய்ந்த மிளகாய், தேங்காய்ப் பல், கறிவேப்பிலை, மஞ்சள், உப்பு, நல்லெண்ணெய். எலும்பில்லாத தொடைக்கறி 500 கிராமைச் சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக நறுக்குங்கள். நெஞ்சுக்கறி வேண்டாம், இரண்டு தடவை சூடு பட்டால் நார் நாராகிவிடும். வெங்காயத்தை 200 கிராமுக்குக் குறையாமல் போட்டு நன்றாகச் சிவக்கவிட்டு, கறியைப் போட்டு, அது விடும் தண்ணீரிலேயே வேகவிட்டு, கடைசியில் தீயைக் கூட்டிப் பிரட்டுங்கள். சட்டியில் தண்ணீர்ச் சத்தம் அடங்கி எண்ணெய்ச் சத்தம் மட்டும் கேட்க வேண்டும். இறக்கும் முன் ஒரு ஸ்பூன் மைதாவை அந்த எண்ணெயில் புரட்டி, அரை டம்ளர் தேங்காய்ப்பால் ஊற்றிக் கெட்டியாக்கினால் கறியெல்லாம் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும், வெட்டும்போது உருண்டு ஓடாது. பள்ளிபாளையத்துக்காரர்கள் பால் ஊற்றியதற்குக் கோபப்படலாம், பைக்குள் அது தேவை. தேங்காய்ப் பல்லை மட்டும் வழக்கத்தைவிடச் சின்னதாக நறுக்குங்கள். ஓட்டில் உப்பும் காரமும் அதிகமில்லாததால் பூரணத்தில் இரண்டையும் ஒரு பங்கு தூக்கலாக வைக்க வேண்டும்.

கோழி விஷயத்தில் ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்லிவிடுகிறேன். பூரணம் ஆறினால்தான் மாவில் வைக்க வேண்டும், அதற்காக மேடையில் பாதி நாள் ஆறப்போடக் கூடாது. அகலமான தட்டில் பரப்பி, விசிறிக்கடியில் அரை மணி நேரம், பிறகு ஃப்ரிட்ஜ். நம் வெயிலில் சமைத்த கறி ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருப்பது நல்லதல்ல. பை வெந்து வரும்போது நடுவில் 74 டிகிரி சூடு ஏறியிருக்க வேண்டும். ஒரு சமையல் தெர்மாமீட்டர் வாங்கிவைத்தால் ஊகிக்க வேண்டிய அவசியம் இல்லை.

அத்தைக்கும் சேர்த்துச் செய்ய இங்கிலாந்தின் கார்ன்வால் பக்கத்துப் பேஸ்டி நல்ல வழி. அங்கே தகரச் சுரங்கத் தொழிலாளிகள் கையில் எடுத்துப்போன அரைவட்டப் பை அது. மாட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, டர்னிப் இனத்து ஒரு கிழங்கு, வெங்காயம், மிளகு, அவ்வளவுதான். 2011 முதல் அந்தப் பெயருக்கு ஐரோப்பாவில் புவிசார் பாதுகாப்பு இருக்கிறது, அந்த விதிப்படி உள்ளே வைக்கும் சரக்கு பச்சையாகவே போக வேண்டும். பூரணத்தை முதலில் வேகவைத்து உலர்த்து என்று நான் இதுவரை சொன்னதற்கு இது நேர் எதிர். ஆனாலும் அடி கெடுவதில்லை, ஏனென்றால் காய் வேகும்போது விடும் தண்ணீரைப் பொடியாக நறுக்கிய உருளைக்கிழங்கே குடித்துக்கொள்கிறது. நாம் இறைச்சியை விட்டுவிட்டு ஊட்டி உருளைக்கிழங்கு, நூல்கோல், கேரட், சின்ன வெங்காயம் சேர்த்து, மிளகைக் கொரகொரப்பாக இடித்துப் போட்டு, மேலே ஒரு துண்டு வெண்ணெய் வைத்து மூடலாம். சோமாசி ஓரம் மடிக்கத் தெரிந்த கைக்கு இதன் ஓரம் மடிப்பது ஒன்றுமே இல்லை. காளான் வைக்க ஆசைப்பட்டால் பால் காளானை எடுங்கள். மொட்டுக் காளானைவிட நறுக்கென்று இருக்கும். எண்ணெய் குறைவாக விட்டு, தண்ணீர் முழுதும் வற்றும்வரை அகலமான சட்டியில் வதக்குங்கள். கோவைத் தள்ளுவண்டிக் காளானின் கூழ்ப் பதம் தட்டில் சாப்பிட அருமை, பைக்குள் அது வேண்டாம்.

வெயில் காலத்தில் வெண்ணெயோடு மல்லுக்கட்ட முடியவில்லை என்றால் வேறு ஒரு வழி இருக்கிறது. ஆங்கிலேயர்களின் பன்றிக்கறிப் பையில் ஓட்டுக்கு வெந்நீர் மாவுதான் பிடிப்பார்கள். தண்ணீரையும் கொழுப்பையும் சேர்த்துக் கொதிக்கவைத்து மைதாவில் ஊற்றிக் கிளறுவது, கொழுக்கட்டைக்கு நாம் மாவு கிளறுகிற அதே மாதிரி. 300 கிராம் மைதாவுக்கு 110 கிராம் நெய், 130 மில்லி தண்ணீர். கொழுப்பு ஏற்கெனவே உருகியே உள்ளே போவதால் வெயில் அதை ஒன்றும் செய்ய முடியாது. இதழ் வராது, ஆனால் கட்டுமானம் உறுதி, ஈரத்தையும் நன்றாகத் தாங்கும். சூடு கை பொறுக்கும் பதத்தில் இருக்கும்போதே தேய்த்துவிட வேண்டும், முழுக்க ஆறினால் விண்டு போகும். பங்குனியிலிருந்து ஆனி வரை காரப் பைகளுக்கு இதைத்தான் சொல்வேன், இனிப்புக்கு இது கொஞ்சம் முரடு. அங்கே போடும் பன்றிக் கொழுப்பில் எனக்குப் பழக்கமில்லை, அதனால் அதன் ருசியைப் பற்றி நான் பேசுவது சரியாகாது. சிறுதானிய மாவில் ஓடு செய்ய முடியுமா என்று வேறு இடத்தில் ஒருவர் கேட்டிருந்தார். கம்பிலும் ராகியிலும் மைதாவின் இழுவை இல்லாததால் மூடியாகத் தேய்க்கவே வராது, கையால் அழுத்தும் திறந்த பைக்குப் பாதிக்குப் பாதி மைதாவோடு கலக்கலாம். அதற்கு மேல் அதில் எனக்குக் கை பழகவில்லை.

முதலில் எதைச் செய்வது என்றால், இந்த வாரமே நாலைந்து காய்கறிப் பேஸ்டி செய்யுங்கள். தட்டு வேண்டாம், அடி நேராகச் சூட்டில் படும், ஒன்று சரியில்லை என்றாலும் மற்றதில் திருத்திக்கொள்ளலாம். அதில் மாவின் பதம் கைக்கு வந்த பிறகு மூடி போட்ட பைக்குப் போங்கள். வெந்ததை எடுத்ததும் டப்பாவில் போட்டு மூடிவிடாதீர்கள், ஆவி உள்ளேயே நின்று ஓட்டை நனைத்துவிடும். கம்பி வலையில் வைத்து, அடியிலும் காற்றுப் படும்படி முழுக்க ஆறவிடுங்கள். மிஞ்சியதை ஃப்ரிட்ஜில் வைத்து, மறுநாள் 180 டிகிரியில் பன்னிரண்டு நிமிடம் ஓடிஜியிலேயே சூடாக்குங்கள். மைக்ரோவேவில் வைத்தால் உள்ளே கொதிக்கும், ஓடு துவண்டுவிடும்.